பதினெட்டுப் படமும் ஒரு ஈமெயிலும்: போட்டோவைச் சின்னதாக்க இலகுவான வழிகள்

கோப்பாயிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “விஜயதசமியன்று பேத்திக்கு ஏடு தொடக்கினோம். என் போனில் எடுத்த 18 படங்களை ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கு ஜிமெயிலில் அனுப்பினேன். அவன் வட்ஸ்அப் பாவிப்பதில்லை. படங்களுக்குப் பதிலாக ஏதோ லிங்க்தான் போயிருக்கிறது. அதைத் தட்டினால் அனுமதி கேட்கிறதாம். படங்களைச் சின்னதாக்கி அனுப்பு என்கிறான். எனக்குக் கொம்பியூட்டரில் ஈமெயில் பார்க்கவும் பத்திரிகை வாசிக்கவும் மட்டும்தான் தெரியும். இலகுவான வழி இருந்தால் சொல்லுங்கள்.”

ரீச்சர், நீங்கள் பிழையாக எதுவும் செய்யவில்லை. ஜிமெயில் ஒரு கடிதத்தோடு 25 எம்பி (மெகாபைட், ஃபைலின் எடையை அளக்கும் அலகு) வரைக்கும்தான் இணைப்புகளை ஏற்றுக்கொள்ளும். இந்தக் காலத்துப் போனில் எடுக்கும் ஒரு படம் 3 முதல் 5 எம்பி வரை இருக்கும். நடுவில் நான்கு என்று வைத்தாலே 18 படமும் 72 எம்பி ஆகிவிடுகிறது. இப்படி அளவு மீறினால் ஜிமெயில் படங்களைக் கூகுள் டிரைவில் உங்கள் பெயரில் வைத்துவிட்டு, கடிதத்தில் அந்த இடத்தின் லிங்கை மட்டும் போடும். டிரைவில் இருப்பதை நீங்கள் அனுமதித்தவர்கள்தான் திறக்கலாம். அதனால்தான் உங்கள் தம்பியிடம் அனுமதி கேட்கிறது. அவர் அங்கே அனுமதி கேட்கும் பொத்தானை அழுத்தியிருந்தால் உங்கள் இன்பாக்ஸில் கூகுளிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கும். அதைத் திறந்து சம்மதம் கொடுத்தால் அவர் படத்தைப் பார்க்கலாம். ஆனால் படம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இப்படிச் செய்ய வேண்டிவரும். உங்கள் தம்பி சொன்னது சரி, சின்னதாக்கி அனுப்புவதுதான் இரண்டு பேருக்கும் நிம்மதி.

நான் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு கொமினிகேஷன் கடை நடத்துகிறேன். போட்டோக் கொப்பி, பிரிண்ட், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து கொடுக்கிறோம். வாரத்துக்கு இரண்டு பேராவது உங்கள் கேள்வியோடு வருவார்கள். அதனால் எந்த வழியில் யார் எங்கே தடுமாறுவார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். அதை மனதில் வைத்தே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், ஆறுதலாக வாசியுங்கள்.

படம் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கோலம் போடப் புள்ளி வைப்போம் அல்லவா? போட்டோவும் அப்படி வரிசை வரிசையாக வைத்த புள்ளிகள்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம். இந்தப் புள்ளியைத்தான் பிக்சல் என்கிறார்கள். “12 மெகாபிக்சல் கமரா” என்று போன் பெட்டியில் போட்டிருந்தால், அதில் எடுக்கும் படத்தில் பக்கவாட்டில் 4000 புள்ளி, மேலிருந்து கீழாக 3000 புள்ளி, மொத்தம் ஒரு கோடியே இருபது இலட்சம் புள்ளி இருக்கிறது என்று அர்த்தம். சாதாரண மடிக்கணினித் திரையில் பக்கவாட்டில் 1366 அல்லது 1920 புள்ளிதான் இருக்கும். ஆகவே உங்கள் தம்பி 4000 புள்ளிப் படத்தை முழுத்திரையில் பார்க்கும்போது அவருடைய கொம்பியூட்டர் எப்படியும் அதைச் சுருக்கித்தான் காட்டப்போகிறது. அங்கே போய்ச் சுருங்கப்போகும் படத்தை இங்கேயே சுருக்கி அனுப்பினால் அவருடைய கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

நீளப் பக்கம் 1600 புள்ளி இருந்தால் போதும் என்பது என் கணக்கு. 4000 க்கு 3000 என்பது 1600 க்கு 1200 ஆகும்போது, மொத்தப் புள்ளி 19 இலட்சத்து 20 ஆயிரமாகக் குறைகிறது. ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. 4 எம்பி படம் அநேகமாக அரை எம்பிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மரம், இலை, கூட்டம் என்று நுணுக்கம் நிறைந்த படம் கொஞ்சம் கூட வரும், வெறும் சுவருக்கு முன்னால் எடுத்த படம் இன்னும் குறையும். உங்கள் 18 படமும் சேர்ந்து 9, 10 எம்பிக்குள் அடங்கிவிடும். ஒரே கடிதத்தில் போகும்.

குறைப்பதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. போன் படங்கள் பெரும்பாலும் ஜேபெக் என்ற வகையில் சேமிக்கப்படுகின்றன. 1992 இல் தரமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை அது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நம் கண் பெரிதாகக் கவனிக்காத நுணுக்கங்களை விட்டுவிட்டு எழுதும். எவ்வளவு விடலாம் என்பதைத்தான் “குவாலிட்டி” என்ற அளவு தீர்மானிக்கிறது. 100 இலிருந்து 80 க்கு இறக்கினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மிகவும் கீழே இறக்கினால் முகத்தின் ஓரங்களிலும் சேலைக் கரையிலும் அந்தச் சதுரங்கள் சொரசொரப்பாக வெளியே தெரியும். புதிதாகப் பழகுகிறவர்கள் குவாலிட்டியைத் தொட வேண்டாம், புள்ளி எண்ணிக்கையை மட்டும் குறையுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வேன். ஒரு எண்ணோடு வேலை முடிகிறது, படமும் வடிவாக இருக்கிறது.

வழிகளுக்குள் போக முன்னர் ஒரு விடயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். சின்னதாக்குவது எப்போதும் கொப்பியில்தான் நடக்க வேண்டும். போனில் இருக்கும் மூலப் படத்தைத் தொடவே கூடாது. குறைத்த படத்தை மறுபடி பெரிதாக்க முடியாது. போன புள்ளி போனதுதான். நாளைக்குப் பேத்தியின் அந்தப் படத்தைப் பெரிதாக அடித்து மண்டபத்தில் மாட்ட நினைத்தால் மூலப் படம்தான் கைகொடுக்கும். உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்தால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது எத்தனை வீட்டு அல்பங்கள் அலுமாரியிலேயே இருந்துவிட்டன. திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு படமும் இல்லை. அம்மம்மாவின் முகத்தை நாங்கள் இன்று பார்ப்பதென்றால், அந்த நாளில் கடிதத்துக்குள் வைத்து மாமாவுக்கு ஜெர்மனிக்கு அனுப்பிய ஒரே ஒரு கொப்பியில்தான் பார்க்கிறோம். ஆகவே மூலம் ஒன்று, கொப்பி ஒன்று என்று இரண்டாக வைத்திருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். படங்களை முதலில் போனிலிருந்து கொம்பியூட்டருக்கு எடுக்க வேண்டும். சார்ஜ் பண்ணும் வயரின் மறுமுனையைக் கொம்பியூட்டரில் செருகுங்கள். அன்ட்ரொய்ட் போனாக இருந்தால் திரையை மேலிருந்து கீழே இழுத்து, அங்கே வரும் யூஎஸ்பி அறிவித்தலைத் தட்டி, “ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்” என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பலருக்குப் போன் வெறுமையாகத் தெரிகிறது. பிறகு கொம்பியூட்டரில் போனைத் திறந்தால் “டிசிஐஎம்” என்ற ஃபோல்டரும் அதற்குள் “கமரா” என்ற ஃபோல்டரும் இருக்கும். படங்கள் அங்கேதான். திரையில் “ஏடு தொடக்கல்” என்று பெயர் வைத்துப் புதிய ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, 18 படத்தையும் அதற்குள் கொப்பி பண்ணி ஒட்டுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள், கொப்பி பண்ணி ஒட்டுங்கள். வயரைக் கழற்றிவிடலாம். இனி நீங்கள் எதைச் செய்தாலும் போனில் மூலம் பத்திரமாக இருக்கும்.

ஒரு படம், இரண்டு படம் என்றால் விண்டோஸ் 10 இலும் 11 இலும் இருக்கும் “போட்டோஸ்” என்ற செயலியே போதும். புதிதாக எதையும் போடத் தேவையில்லை. படத்தை இருமுறை கிளிக் செய்தால் அநேகமாக அதில்தான் திறக்கும். மேலே மூன்று புள்ளி தெரியும். அதைத் தட்டினால் வரும் பட்டியலில் “ரீசைஸ் இமேஜ்” என்று ஒன்று இருக்கிறது, அளவை மாற்று என்று பொருள். பழைய பதிப்பில் மூன்று அளவுகள் ஆயத்தமாக இருக்கும். அதில் 2 மெகாபிக்சல் என்பது ஈமெயிலுக்கு ஏற்றது என்று அங்கேயே எழுதியிருக்கும், அதைத் தெரிவுசெய்தால் முடிந்தது. புதிய பதிப்பில் அகலம், உயரம் என்று இரண்டு பெட்டி வரும். பெரிய எண் இருக்கும் பெட்டியில் 1600 என்று அடியுங்கள், மற்றது தானாக மாறிவிடும். இப்போதைய அளவு எவ்வளவு, மாற்றியபின் எவ்வளவு என்பதையும் கீழே காட்டும். அந்த எண் 4 எம்பியிலிருந்து சில நூறு கேபிக்கு (ஏறக்குறைய ஆயிரம் கேபி சேர்ந்தால்தான் ஒரு எம்பி) இறங்குவதைக் கண்ணால் பார்ப்பது புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நல்ல தெம்பு. சேமிக்கும்போது பழைய பெயரின் பின்னால் “சிறிது” என்று சேர்த்துவிடுங்கள். எது மூலம், எது சின்னது என்று பிறகு குழம்பத் தேவையில்லை.

கொம்பியூட்டர் பழையதென்றால், விண்டோஸ் 7 என்றாலும் பரவாயில்லை, “பெயின்ட்” இருக்கிறது. விண்டோஸின் முதல் பதிப்பு 1985 இல் வந்தபோதே கூட வந்த செயலி அது. படத்தின் மேல் வலது கிளிக் செய்து “ஓபன் வித்” என்பதில் பெயின்டைத் தெரிவுசெய்யுங்கள். திறந்தபின் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி டபிள்யூ எழுத்தை அழுத்தினால் அளவு மாற்றும் பெட்டி வரும். அங்கே முதலில் சதவீதம் தெரிவாகியிருக்கும். பிக்சலுக்கு மாற்றுங்கள். அகலம் உயரம் இரண்டின் விகிதமும் மாறாமல் வைத்திருக்கும் தெரிவு ஒன்றும் அங்கே இருக்கும். அது தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பேத்தியின் முகம் ஒரு பக்கமாக இழுபட்டுவிடும். கிடையாக எடுத்த படமென்றால் மேலே இருக்கும் பெட்டியில் 1600, நிமிர்ந்து எடுத்த படமென்றால் கீழே இருக்கும் பெட்டியில் 1600. பிறகு சேமிக்க எஃப் 12 விசையை அழுத்தி வேறு பெயர் கொடுங்கள். பெயின்டில் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். பழக்கதோஷத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் கேள்வி எதுவும் கேட்காமல் அந்த ஃபைலின் மேலேயே எழுதிவிடும். போனில் மூலம் இருந்தால் தப்பினோம். போனிலிருந்து அழித்துவிட்டு வந்த ஒருவருக்கு எங்கள் கடையில் இப்படி நடந்திருக்கிறது. அவருடைய மகளின் கலியாணப் படங்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆனால் 18 படத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து இப்படிச் செய்வது அலுப்பு. உங்களுக்கு நான் சொல்லும் வழி இனி வருவதுதான். மைக்ரோசொஃப்டே இலவசமாகத் தரும் “பவர்டொய்ஸ்” என்ற கருவித் தொகுப்பு இருக்கிறது. விண்டோஸ் 10 இலும் 11 இலும் இருக்கும் மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் அந்தப் பெயரைத் தேடிப் போட்டுக்கொள்ளலாம். போடுவதை மட்டும் வீட்டிலோ பக்கத்திலோ இருக்கும் ஒரு பிள்ளையிடம் விட்டுவிடுங்கள், ஒருமுறை போட்டால் போதும். அதற்குப் பிறகு வேலை இவ்வளவுதான்: ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல் ஏ அழுத்துங்கள், எல்லாப் படமும் தெரிவாகும். வலது கிளிக் செய்தால் பட்டியலில் “இமேஜ் ரீசைஸர்” என்ற பெயரோடு ஒரு வரி புதிதாக இருக்கும். அதைத் தட்டினால் சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவுகள் வரும். பெரியது என்பதில் 1920 க்கு 1080 என்று எழுதியிருக்கும். அதையே தெரிவுசெய்யுங்கள். உங்கள் 4000 க்கு 3000 படம் அந்தக் கட்டத்துக்குள் அடங்கும்படி 1440 க்கு 1080 ஆகச் சுருங்கும். திரையில் பார்க்க அது தாராளம். பொத்தானை அழுத்திச் சில விநாடியில் 18 புதிய படங்கள் அதே ஃபோல்டரில் வந்து நிற்கும். பெயரின் கடைசியில் அளவின் பெயரும் சேர்ந்திருக்கும், பழையவை அப்படியே இருக்கும். அந்தப் பெட்டியில் மூலப் படத்தையே மாற்றிவிடவா என்று கேட்கும் ஒரு சதுரமும் உண்டு. அதில் மட்டும் சரி போடாதீர்கள்.

பவர்டொய்ஸ் ஏறாத பழைய கொம்பியூட்டருக்கு “இர்ஃபான்வியூ” என்ற இலவசச் செயலி இருக்கிறது. 1996 இலிருந்து ஒரே மனிதர், இர்ஃபான் ஸ்கில்ஜான், அதை எழுதிப் பராமரித்து வருகிறார். பல படங்களை ஒன்றாகச் சுருக்கும் வசதி அதிலும் உண்டு. மிகவும் இலேசான செயலி, நாங்கள் கடையில் பல வருடமாகப் பாவிக்கிறோம். ஆனால் அதன் பெட்டிகளில் தெரிவுகள் நிறைய இருப்பதால் முதல் தடவை யாராவது கூட இருந்து காட்டினால் நல்லது.

இன்னொரு குறுக்கு வழியும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடம் ஏற்கெனவே வட்ஸ்அப் இருக்கிறது. தம்பிக்கு அது இல்லாவிட்டாலும் சுருக்கும் வேலைக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். வட்ஸ்அப் படத்தை அனுப்பும்போது வழக்கமாகத் தானே சுருக்கித்தான் அனுப்பும். நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிக்கு வந்துவிடும். வட்ஸ்அப்பில் புதிய உரையாடல் தொடங்கும் இடத்தில் உங்கள் பெயரே தெரியும். அதைத் தட்டி, 18 படத்தையும் உங்களுக்கே அனுப்புங்கள். அனுப்பும் முன் திரையில் எச்டி என்று ஒரு குறி இருக்கும், அதைத் தொட வேண்டாம். தொட்டால் பெரிய அளவில் போகும். பிறகு கொம்பியூட்டரில் வட்ஸ்அப்பைத் திறந்து அதே படங்களை இறக்கிக்கொண்டால் சுருங்கிய கொப்பி உங்கள் கையில். வயரும் தேவையில்லை. குறையும் உண்டு: படத்தின் பெயர் மாறிவிடும், எடுத்த நேரம் பற்றிய குறிப்பு போய்விடும், குவாலிட்டியும் வட்ஸ்அப் நினைத்தபடிதான் குறையும். பார்த்து மகிழ்வதற்குப் போதும், பத்திரப்படுத்துவதற்கு அல்ல.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு குறைவு. அதிலுள்ள மெயில் செயலியில் படத்தை இணைத்து அனுப்பும்போது சின்னது, நடுத்தரம், பெரியது, அசல் என்று எந்த அளவில் அனுப்புவதெனத் தெரிவுசெய்ய விடும். பெரியது என்பதைத் தெரிவுசெய்தால் சரி. மக் கொம்பியூட்டரில் “ப்ரிவியூ” என்ற செயலியில் அளவு மாற்றும் வசதி இருக்கிறது. விண்டோஸில் அவுட்லுக் போன்ற ஈமெயில் செயலியைக் கொம்பியூட்டரிலேயே பொருத்தி வைத்திருப்பவர்கள், படங்களை வலது கிளிக் செய்து “சென்ட் டு” என்பதில் ஈமெயில் பெறுநரைத் தெரிவுசெய்தால் எந்த அளவு வேண்டும் என்று அதுவே கேட்கும். நம் ஊரில் பெரும்பாலானோர் ஜிமெயிலை இணையத்தில்தான் திறக்கிறார்கள், அவர்களுக்கு இது உதவாது.

எது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். படங்களை ஸிப் பண்ணினால் குறையும் என்று பல பேர் நம்புகிறார்கள். ஜேபெக் ஏற்கெனவே இறுக்கிக் கட்டிய மூட்டை, அதை இன்னொரு சாக்குக்குள் போட்டால் எடை குறையாது. வேர்டில் படத்தை ஒட்டி மூலையைப் பிடித்துச் சின்னதாக இழுப்பதும் அப்படித்தான். கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும், உள்ளே முழுப் புள்ளியும் இருக்கலாம். படத்தைத் திரையில் வைத்து ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு. அது போனுக்குப் போன் ஒவ்வொரு மாதிரி. சில வேளை மூலத்தை விடப் பெரிய ஃபைலாகவே வந்துவிடும். தேவையில்லாத ஓரங்களை வெட்டுவது மட்டும் உண்மையிலேயே பயன் தரும். கும்பத்தோடும் நெல் பரப்பிய தட்டோடும் பிள்ளை இருக்கும் பகுதி போதுமென்றால், பக்கத்தில் தெரியும் கதிரைகளையும் செருப்புகளையும் வெட்டிவிட்டுப் பிறகு அளவைக் குறையுங்கள். படமும் அழகாகும்.

இணையத்தில் படத்தைச் சுருக்கித் தரும் தளங்கள் ஏராளம். ஏடு தொடக்கல் படம் போன்றவற்றுக்குக்கூட முன்பின் தெரியாத தளம் ஒன்றில் பிள்ளையின் முகத்தை ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, காணி உறுதி ஆகியவற்றின் படங்களை அப்படி ஒருபோதும் ஏற்றாதீர்கள். அவற்றின் கொப்பி எங்கோ ஒரு கொம்பியூட்டரில் தங்கிவிட்டால் திருப்பி எடுக்க வழியில்லை. தளம்தான் வேண்டுமென்றால் “ஸ்கூஷ்” என்பது ஒன்று. கூகுள் குரோம் குழுவினர் செய்தது. படத்தை எங்கும் அனுப்பாமல் உங்கள் கொம்பியூட்டருக்குள்ளேயே வேலையை முடிக்கும். ஒரு நேரத்தில் ஒரு படம்தான். எங்களைப் போன்ற கடைக்கு வந்து செய்வித்தாலும் இதே கவனம் வேண்டும். வேலை முடிந்ததும் உங்கள் ஃபைல்களை உங்கள் கண்முன்னால் அழிக்கச் சொல்லிக் கேளுங்கள், ஜிமெயிலிலிருந்து வெளியேறினீர்களா என்று பாருங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். எங்கள் கடையில் கேட்காவிட்டாலும் செய்கிறோம், ஆனால் நீங்கள் கேட்டுப் பழக வேண்டும்.

உறுதி, கடிதம் போன்ற எழுத்துள்ள படங்களுக்கு 1600 போதாமல் போகலாம். சிறிய எழுத்தும் முத்திரையும் மங்கிவிடும். அவற்றைப் போட்டோவாக எடுக்காமல், போனில் கூகுள் டிரைவ் செயலியைத் திறந்து அதிலுள்ள ஸ்கான் வசதியால் எடுங்கள். ஓரத்தைத் தானே வெட்டி, எழுத்தைத் தெளிவாக்கி, பிடிஎஃப் ஆகச் சேமிக்கும். அனுப்புவதற்கு ஏற்ற அளவிலேயே பெரும்பாலும் இருக்கும். சட்டத்தரணிக்கு உறுதி அனுப்ப வருகிறவர்கள் எல்லோருக்கும் இதைத்தான் காட்டிக் கொடுக்கிறேன்.

அனுப்பும் நேரத்தில் ஒரு கணக்கு. ஈமெயில் எழுத்துக்காகப் பிறந்தது. படம் போன்றவற்றை இணைக்கும் முறையும் 1992 இல்தான் வகுக்கப்பட்டது. இன்றும் இணைப்பு ஒவ்வொன்றும் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணம் செய்கிறது. அந்த மாற்றத்தில் 3 எம்பி ஏறக்குறைய 4 எம்பி ஆகிறது. பெறுகிறவரின் பக்கத்திலும் ஓர் எல்லை இருக்கும். சில அலுவலக ஈமெயில்கள் 10 எம்பிக்கு மேல் ஏற்காது. ஆகவே 25 என்ற எல்லையைத் தொடப் பார்க்காமல் ஒரு கடிதத்துக்கு 10 எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கூடினால் இரண்டு கடிதமாக அனுப்புங்கள். சுருங்கிய படத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தினால் அதன் புள்ளியளவும் எடையும் தெரியும். கேபி என்று இருந்தால் நிம்மதியாக இணைக்கலாம். எம்பி என்று இருந்தால் பிழையாக மூலத்தைத் தெரிவுசெய்துவிட்டீர்களோ என்று பாருங்கள். இந்த ஒரு சோதனை எத்தனையோ பேரின் நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது. டேட்டாவும் மிச்சம். 72 எம்பி ஏற்ற வேண்டிய இடத்தில் 10 எம்பியோடு முடிகிறது. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில், நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருந்து அனுப்புகிறவர்களுக்கு, போகுமா போகாதா என்பதையே அதுதான் தீர்மானிக்கும்.

தம்பி அங்கே படத்தை அச்சடிக்க விரும்பினால் மட்டும் கணக்கு மாறும். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி தேவை. சாதாரண 6 க்கு 4 அங்குலப் படத்துக்கு 1800 க்கு 1200 புள்ளி. அதற்கு 1600 புள்ளிப் படமே ஏறக்குறையப் போதும், வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். பவர்டொய்ஸில் எடுத்த 1440 கொஞ்சம் குறைவு, ஆனாலும் பார்க்கலாம். ஏ4 அளவில் அடிக்க வேண்டுமென்றால் நீளப் பக்கம் 3500 புள்ளிக்கு மேல் வேண்டும், அங்கே மூலம்தான். அப்படி அவர் விரும்பும் இரண்டு மூன்று படங்களை மட்டும் மூல அளவிலேயே தனிக் கடிதத்தில் அனுப்புங்கள். 4 எம்பி படம் இரண்டு என்றால் பிரச்சினையே இல்லை.

18 படத்தின் மூலமும் அவரிடமும் இருக்கட்டும் என்று நினைத்தால், அது ஈமெயிலின் வேலை அல்ல. முதல் கடிதத்தோடு டிரைவில் போய் இருந்தனவே, அந்தப் படங்கள் மூல அளவில் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை அழிக்காதீர்கள். டிரைவைத் திறந்து ஒரு ஃபோல்டரில் எல்லாவற்றையும் போட்டு, அந்த ஃபோல்டரை வலது கிளிக் செய்து பகிரும் இடத்தில் தம்பியின் ஈமெயில் முகவரியை மட்டும் சேர்த்துவிடுங்கள். லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம் என்ற தெரிவும் அங்கே இருக்கும். சின்னப் பிள்ளையின் படம் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. ஃபோல்டருக்கு ஒருமுறை அனுமதி கொடுத்தால் உள்ளே இருக்கும் 18 க்கும் அது செல்லும். இனி அவர் ஒவ்வொன்றாகக் கேட்கத் தேவையில்லை. அவருக்கு வசதியான நாளில் இறக்கி வைத்துக்கொள்வார்.

உங்கள் கொம்பியூட்டரில் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள் ரீச்சர். 7 ஆக இருந்தால் இர்ஃபான்வியூவில் எந்தப் பெட்டியில் எதை அழுத்துவது என்று வரி வரியாகத் தனியே எழுதி அனுப்புகிறேன்.